பழகாத காது

நிமிடத்துக்குப் பதினாலாயிரம் சுற்றில் ஒரு பந்தய எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் புகைக்குழாய்க்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டு பிரகதீஷ் மனைவியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான். மதியம் சாப்பிட வர முடியாது, ரசம் மிச்சமிருந்தால் எடுத்து வை, சாயங்காலம் பார்த்துக்கொள்கிறேன் என்கிற மாதிரிப் பேச்சுதான். பேசி முடித்துத் திரும்பினால், பட்டறையே கைவேலையை விட்டுவிட்டு அவனைப் பார்த்துக்கொண்டு நின்றது.

நியாயம்தான். ஒரு மாதம் முன்பு வரை அந்த இடத்தில் நின்றால், காதில் பஞ்சும் பஞ்சுக்கு மேல் கவசமும் வைத்துக்கொண்டாலும் கடைவாய்ப்பல் ஆடும். நூற்று முப்பது டெசிபல். இப்போது சுவரில் மாட்டியிருந்த மீட்டர் ஐம்பத்தொன்று காட்டியது. மூலையில் ஓடிய மேசை விசிறியின் கிறீச் சத்தம் அதைவிடக் கொஞ்சம் தூக்கலாகவே கேட்டது.

"ஏனுங் பிரகதீஷ், நெசமாலுமே ஓடுதுங்களா, இல்ல எங்களை வெச்சு வெளையாடறீங்களா?" என்றார் கனகு. பட்டறையின் தலைமை மெக்கானிக், ஐம்பத்தெட்டு வயது. கேட்டதோடு விடாமல் எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சுட்டதும் கையை உதறினார்.

"சூட்டை விழுங்கற மிஷினு அடுத்த வருசங்கண்ணா. இந்த வருசம் சத்தம் மட்டுந்தான்" என்றான் பிரகதீஷ்.

எஞ்சினுக்குப் பின்னால், ஒரு குடம் அளவுக்கு, பளபளவென்று பொருத்தியிருந்த எஃகுக் குடுவைதான் இத்தனைக்கும் காரணம். அவன் அதற்கு வைத்த பெயர் நீளமானது, காகிதத்தில் மட்டும் இருந்தது. பட்டறையில் அதன் பெயர் விழுங்கி. நாற்பத்து நாலு வயதுக்குள் மூன்று முறை தோற்று நாலாவது முறை அதைச் செய்திருந்தான். அன்றைக்கு அவன் நெஞ்சை நிமிர்த்தி நடந்ததை யாரும் குறை சொல்ல முடியாது.

இது 2043இல் நடந்தது. பஸ், லாரி, டிராக்டர் எல்லாம் பேட்டரிக்கு மாறி முடிந்திருந்த காலம். கரும்புச் சாராயத்தில் ஓடும் எஞ்சின்கள் பந்தயத் தளங்களில் மட்டுமே மிச்சமிருந்தன. ஊர் இரைச்சலாக இருந்தவரை பந்தயச் சத்தம் யாருக்கும் பெரிதாக உறைக்கவில்லை. ஊர் அடங்கியதும் எட்டு மைலுக்கு அது மட்டும் தனியாகக் கேட்டது. புகார், வழக்கு, தடை என்று ஒவ்வொரு தளமாக மூடி, கடைசியில் சூலூருக்கும் பல்லடத்துக்கும் நடுவே வாவிக்கரைத் தளம் ஒன்றுதான் பாக்கி. அதையும் மூடிவிட ஒற்றை ஆளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் சுகன்யா.

வாவிக்கரையில் பின்பக்க நேர்பாதை முடிகிற இடத்தில் ஒரு கூர்மையான வளைவு உண்டு. முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டிகள் அங்கே ஆக்சிலேட்டரை விட்டு எழுபதுக்கு இறங்கித் திரும்பும். அதிலிருந்து இருநூறு அடியில் வேலி. வேலிக்கு அந்தப்பக்கம் சுகன்யாவின் கோழிப்பண்ணை. ஓட்டுநர்கள் அதற்குக் கோழி வளைவு என்று பெயரே வைத்துவிட்டார்கள். அந்தக் கிண்டல் அவருக்கும் தெரியும். பதிலுக்கு அவர் புகார் எழுதினார். பதினோரு வருடத்தில் இருநூற்றுப் பதினாலு புகார். ஒவ்வொன்றிலும் தேதி, மணி, வண்டி எண், சத்தம் எப்படி இருந்தது என்ற விவரம். பட்டறையில் அந்தக் கடிதங்களை வாசித்துச் சிரிப்பது ஒரு பொழுதுபோக்காகவே இருந்தது.

கடைசியில் தீர்ப்பாயம் ஒரு முடிவுக்கு வந்தது. பதினேழாம் எண் வண்டி, அங்கே அதுதான் அதிவேகம், இருபது சுற்று ஓட வேண்டும். சுகன்யாவின் வேலியில் வைத்த மீட்டர் ஐம்பத்தைந்தைத் தாண்டக்கூடாது. ஓடி முடித்தால் பத்து வருடத்துக்கு அனுமதி. தாண்டினாலோ, பாதியில் நின்றாலோ அன்று மாலையே கதவுக்கு முத்திரை. எட்டு அணிகளின் பிழைப்பும் இந்த ஒரு வண்டியின் தலையில் உட்கார்ந்திருந்தது.

அந்த வண்டியை ஓட்டுபவள் மிருதுளா. பிரகதீஷின் அக்கா மகள், இருபத்து நாலு வயது. விழுங்கியை முதலில் மாட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தவள், தலைக்கவசத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"மாமா, இதை நான் ஓட்ட மாட்டேன்."

"ஏங் கண்ணு, நல்லாத்தானே ஓடுச்சு?"

"நல்லா ஓடுச்சா, கெட்டு ஓடுச்சான்னே தெரியல. சத்தத்த வெச்சுத்தான மாமா வண்டிக்கு என்னன்னு கண்டுபிடிக்கறோம். நீங்க நல்ல சத்தம், நோவுச் சத்தம் ரெண்டையும் சேத்து முழுங்கிப்போட்டா, எஞ்சின் வெடிக்கறது எனக்கு வெடிச்ச பொறகுதான் தெரியும்."

பிரகதீஷுக்குச் சுருக்கென்றது. தனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டிய விஷயம். ஒரு வாரம் பட்டறையிலேயே கிடந்து அதற்கும் வழி கண்டுபிடித்தான். எஞ்சின் ஆரோக்கியமாக ஓடும் சத்தத்தை நாற்பது மணி நேரம் விழுங்கிக்குக் கேட்கக் கொடுத்தான். அந்தச் சத்தத்தை மட்டும்தான் அது விழுங்கும். புதிதாக எது வந்தாலும் தொடாமல் வெளியே விட்டுவிடும். சோதித்துப் பார்க்க ஒரு வால்வைத் தளர்த்தி ஓட்டினார்கள். பரிபூரண அமைதியில் ஒரு சின்னச் சீறல் மட்டும் தனியாக, தெளிவாகக் கேட்டது.

மிருதுளாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அப்ப ஏதாச்சும் கேட்டா நிறுத்தோணும், கேக்கலைன்னா போய்ட்டே இருக்கலாம். அவ்வளவுதான மாமா?"

"அவ்வளவேதான்."

இதைவிட நல்ல கருவியை உலகத்தில் ஒருவரும் செய்திருக்க முடியாது என்று அன்றைக்கு அவன் மனசார நம்பினான்.

சோதனைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, மீட்டர் வைக்கும் இடம் பார்க்க அவன் சுகன்யாவின் பண்ணைக்குப் போனான். சண்டைக்குத் தயாராகத்தான் போனான். ஆனால் ஐம்பது வயதைத் தாண்டிய அந்த அம்மாள், தீவனத் தூசு படிந்த சட்டையை முந்தானைக்கு மேலே மாட்டிக்கொண்டு, "வாங்க தம்பி, மொதல்ல கால அந்த மருந்துத் தண்ணியில நனைச்சிட்டு வாங்க" என்று உள்ளே கூப்பிட்டார்.

கொட்டகைக்குள் ஐயாயிரம் குஞ்சுகள். இருபது நாள் வயது. கீச்சுக்கீச்சென்ற இரைச்சலில் அவனுக்கு முதலில் தலை சுற்றியது.

"ஒரு நிமிசம் நில்லுங்க. இது எனக்குத் தினப்படி வேலை" என்ற சுகன்யா பக்கவாட்டுத் திரைகளை இறக்கி விளக்கை அணைத்தார். பட்டப்பகலிலேயே கும்மிருட்டு. குஞ்சுகள் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கின. இரண்டு நிமிடம் அவர் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கவில்லை. பிறகு விளக்கைப் போட்டார். நேராக மூன்றாவது தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நடந்து, குனிந்து, ஒரு குஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

"இதுக்குச் சளி புடிச்சிருக்குதுங்க. இன்னைக்குப் பிரிச்சு வெக்கலைன்னா நாளான்னிக்கு அம்பதுக்குப் புடிக்கும்."

அவன் குஞ்சைக் காதருகே வைத்துக் கேட்டான். உற்றுக் கேட்டால் நெஞ்சில் ஒரு மெல்லிய கரகரப்பு. ஐயாயிரத்துக்குள் இதை எப்படிப் பிடித்தார் என்று அவனுக்குப் புரியவில்லை.

"எனக்கு எல்லாம் ஒரே கீச்சாத்தான் கேட்டுச்சுங்க."

"இந்தச் சத்தம் எனக்குப் பழகக்கூடாதுங்க தம்பி. தினமும் புதுசாக் கேக்கற மாதிரித்தான் கேக்கோணும். பழகிப்போச்சுன்னா பண்ணை போச்சு." குஞ்சைத் தனிக்கூண்டில் விட்டுக் கையைக் கழுவினார். "உங்க வண்டிச் சத்தமும் அப்புடித்தான், பதினோரு வருசமாப் பழகவே இல்ல. ஒரு நா அஞ்சாறு வண்டி சேந்தாப்புல போனதுல, குஞ்செல்லாம் பயந்துக்கிட்டு மூலையில ஒண்ணுமேல ஒண்ணு ஏறி, அடியில கெடந்ததுக எல்லாம் மூச்சு முட்டிச் செத்துப்போச்சு. எண்ணூறு. கூடையில அள்ளிப் பொதைச்சேன். அன்னைக்கு எழுத ஆரம்பிச்சதுதானுங்க."

பிரகதீஷுக்குப் பட்டறையில் சிரித்த சிரிப்பெல்லாம் ஞாபகம் வந்து கூசியது.

"அந்தக் குடுவை எப்புடிச் சத்தத்தத் திங்குது? அதச் சொல்லுங்க."

"சத்தம் வாரது மேடு பள்ளமா வரும்ங்க்கா. ஒரு கூடை மண்ணு மேடா வருதுன்னா, அதே அளவுக்கு ஒரு பள்ளத்த முன்னாடியே தோண்டி வெச்சிருவோம். மேடு பள்ளத்துல உழுந்தா தரை சமமாயிரும். எவ்வளவு பெரிய மேடு வரும்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கோணும். அதுக்குத்தான் எஞ்சின் சத்தத்தப் பாடமாக் கத்துக்குது."

"எஞ்சின் தேஞ்சு சத்தம் மாறுச்சுன்னா?"

"கொஞ்சம் கொஞ்சமா மாறுனா அதுவும் கூடவே கத்துக்கும். ஓட ஓடத் தன்னைத்தானே சரி பண்ணிக்கும்" என்றான் பெருமையாக.

சுகன்யா அவனை ஒரு தினுசாகப் பார்த்தார்.

சோதனை நாள் காலை பதினொரு மணிக்கு, வேலியோரம் ஒரு மேசை, மூன்று நாற்காலி. தீர்ப்பாயத்தின் அலுவலர் ஜெபசீலன் மீட்டரையும் தாளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு பக்கம் பிரகதீஷ், கையில் மிருதுளாவோடும் பட்டறையோடும் பேசுகிற ரேடியோ. மறுபக்கம் சுகன்யா, மடியில் புகார்க் கடித நகல்கள் அடுக்கிய கனத்த கோப்பு.

பதினேழு வந்தது. வந்தது என்று கண்ணுக்குத்தான் தெரிந்தது. சிவப்பாக ஏதோ ஒன்று நேர்பாதையில் பாய்ந்து, கோழி வளைவில் குனிந்து திரும்பிப் போயிற்று. டயர் உரசும் இரைச்சலும் காற்றைக் கிழிக்கும் சத்தமும் தவிர வேறில்லை. மீட்டரில் ஐம்பத்து மூன்று. ஜெபசீலன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். கொட்டகைக்குள் குஞ்சுகள் பாட்டுக்குத் தீனி தின்றுகொண்டிருந்தன.

"கெட்டிக்காரருதான் தம்பி நீங்க" என்றார் சுகன்யா. மனசாரத்தான் சொன்னார். ஐந்து, ஆறு, ஏழு என்று சுற்றுகள் போயின. எட்டாவது சுற்று போகும்போது, அடுத்த வீட்டு விசேஷத்தை விசாரிக்கிற மாதிரி அவர் கேட்டார்.

"ஏனுங், அந்தப் பதினேழுக்குச் சளி புடிச்சிருந்துதே, சரி பண்ணீட்டீங்களா?"

"என்ன சளிங்க?"

"ஆக்சிலேட்டர விடறப்ப டக்கு டக்குனு இடிக்குமே, அது."

பிரகதீஷுக்குச் சிரிப்பு வந்தது. அது சளியல்ல, அது அவர்களுடைய ராசி. பதினோரு வருடம் முன்பு முதல் கோப்பை வாங்கிய எஞ்சினின் கிராங்க், அதாவது பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக்குகிற அந்த நடுத்தண்டு, அதைக் கனகு மாற்றவே விட்டதில்லை. வருடா வருடம் மற்றதெல்லாம் புதிதாகப் போடுவார். கிராங்க்கை மட்டும் கழற்றி, துடைத்து, விரிசல் சோதனை செய்து, பொட்டு வைத்து மறுபடி மாட்டுவார். வேகம் குறையும்போது அதில் ஒரு டக் கேட்கும். அந்த டக்கைக் கேட்டால்தான் பட்டறைக்கே நிம்மதி. ஏழு கோப்பை அந்த டக்கோடு வந்தவை.

"அது எங்க ராசிச் சத்தங்க்கா. ஆரம்பத்துலருந்தே இருக்குது."

"ஆரம்பத்துலருந்தே இருந்துச்சு, ஆமா. ஆனா அன்னைக்கு ஒண்ணுதான் இருந்துச்சு." சுகன்யா மடியிலிருந்த கோப்பைப் புரட்டினார். "இதப் பாருங்க. முப்பத்து மூணாம் வருசம், ஆடி மாசம். 'பதினேழாம் வண்டி வேகத்தைக் குறைக்கும்போது ஒரு இடி.' முப்பத்தெட்டுல, 'இரண்டு இடி.' இந்த வருசம் நீங்க குடுவை மாட்டறதுக்கு முந்தின வாரம் கடைசியாக் கேட்டது, 'மூன்று இடி, மூன்றாவது இழுக்கிறது.' கோழிக்கு இப்புடி இழுத்துச்சுன்னா ரெண்டு நா தாங்காதுங்க."

பிரகதீஷ் அந்த மூன்று தாள்களையும் வாங்கிப் பார்த்தான்.

நாற்பது மணி நேரம் விழுங்கிக்குக் கேட்கக் கொடுத்த ஆரோக்கியச் சத்தத்தில் அந்த டக்கும் இருந்தது. நோய்ச் சத்தத்தையே ஆரோக்கியம் என்று பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறான். அதற்குப் பிறகு அது வளர்ந்திருந்தால்? கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தால் விழுங்கி அதையும் கற்றுக்கொண்டு விழுங்கிவிடும். அவன் பெருமையடித்துக்கொண்ட அதே வித்தை. பட்டறையும் அதைத்தானே பதினோரு வருடமாகச் செய்திருக்கிறது? ஒன்று இரண்டானதும் தெரியவில்லை, இரண்டு மூன்றானதும் தெரியவில்லை. எல்லார் காதும் பழகிப்போயிருந்தது.

ரேடியோவில் பட்டறையைக் கூப்பிட்டான். "கனகண்ணா, இந்தத் தடவ கிராங்க்குல விரிசல் சோதனை பண்ணீங்களா?"

"எப்பவும் போலத்தான். மேல கண்ணாடியாட்ட இருக்குது."

"எண்ணெய் போற துளைக்குள்ள?"

"அதுக்குள்ள எப்புடிங்க பாக்கறது?" என்றார் கனகு, குரல் இறங்கி.

பத்தாவது சுற்று போயிற்று. ஓசையில்லாமல், அழகாக. கிராங்க் உடைந்தால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். முந்நூறு வேகத்தில் பூட்டினால் வண்டி நேரே கோழி வளைவின் சுவருக்குத்தான் போகும். பிரகதீஷுக்கு அக்காவின் முகம் கண்முன் வந்து நின்றது. பெண்ணை ஓட்ட அனுப்ப மாட்டேன் என்று அழுதவளிடம், நான் இருக்கிறேன் என்று சத்தியம் செய்து கூட்டி வந்தவன் அவன்தான்.

நிறுத்தச் சொல்லிவிடலாம். நிறுத்தினால் தளம் மூடிவிடும். ஒருவேளை எஞ்சினில் ஒன்றுமே இல்லையென்றால்? எட்டு அணியின் பிழைப்பை, தளத்தை மூடப் பதினோரு வருடம் போராடியவரின் ஒரு வார்த்தைக்காகக் கொடுத்ததாகிவிடும். அப்படியும் நினைத்தான், ஒளிப்பானேன். சுகன்யாவின் முகத்தை ஒரு கணம் சந்தேகத்தோடுதான் பார்த்தான்.

சுகன்யா அதைக் கண்டுகொண்டார். "நான் சொல்றத நம்போணும்னு இல்லீங்க. அந்தக் குடுவைய ஒரு தடவ அணைங்க. நான் கேட்டுச் சொல்றன்."

"அணைச்சா மீட்டர் நூத்தியிருவதுக்குப் போயிரும்ங்க்கா. அதோட எங்க கதை முடிஞ்சுது."

ஜெபசீலன் தொண்டையைச் செருமினார். "புகார்தாரர் சம்மதிச்சு எழுதிக் கொடுத்தா, அந்த ஒரு அளவை நான் கணக்குல எடுக்க வேண்டியதில்ல. ஆனா எழுதிக் கொடுக்கணும்."

"எழுதித் தர்றனுங்க. இப்ப பேனா தேட நேரமில்ல, வண்டி வந்துரும்" என்றார் சுகன்யா. பிறகு கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். இருபத்தேழு நாள் வயதுக் குஞ்சுகள் ஐயாயிரம். இந்தச் சத்தத்தில் அவை என்ன ஆகும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அங்கே யாரும் இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி பாதைப் பக்கம் திரும்பினார். "நீங்க அணைங்க தம்பி."

அவர் பிறகு எழுதித் தராவிட்டால் எல்லாம் முடிந்தது. ஆனால் கொட்டகையைப் பார்த்த அந்தப் பார்வையைப் பார்த்தபின் பிரகதீஷுக்குச் சந்தேகம் விட்டுப்போயிற்று. ரேடியோவை எடுத்தான்.

"மிருது, பாதி வேகத்துல வா. நேர்பாதையில விழுங்கிய அணைச்சிடு. வளைவுக்கு முன்னாடி ஆக்சிலேட்டர முழுசா விட்டுடு."

"மாமா, மீட்டரு?"

"நான் பாத்துக்கறேன். சொன்னதச் செய்யி கண்ணு."

பாதி வேகத்திலேயே அந்தச் சத்தம் வந்தபோது மேசைமேல் இருந்த தாள்கள் அதிர்ந்தன. ஆறு வாரம் அமைதிக்குப் பழகிய காதில் அது அறைந்த மாதிரி இருந்தது. ஜெபசீலன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். மீட்டர் நூற்றுப் பதினெட்டுக்குப் போயிற்று. கொட்டகைக்குள் ஐயாயிரம் குஞ்சுகளும் ஒரே குரலாக வீறிட்டன. சுகன்யா மட்டும் காதைப் பொத்தவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கழுத்தைச் சாய்த்து, விளக்கை அணைத்த கொட்டகையில் நிற்பதுபோல் நின்றார். வண்டி வளைவுக்கு வந்தது. மிருதுளா ஆக்சிலேட்டரை விட்டாள். பிரகதீஷும் கேட்டான், அவனுக்கு ஒரு டக் கேட்டது. வழக்கமான, செல்லமான டக்.

சுகன்யா கண்ணைத் திறந்தார்.

"நாலு. நாலாவது ஒடையுற மாதிரி இருக்குதுங்க. பொண்ண எறக்குங்க."

"மிருது, நிறுத்து. இருக்கற எடத்துலயே நிறுத்து. எஞ்சின அணைச்சிட்டு எறங்கு" என்றான் பிரகதீஷ். பதினோராவது சுற்றில், வளைவைத் தாண்டிப் புல்வெளியில், பதினேழு ஓசையில்லாமல் நின்றது. கவசத்தைக் கழற்றிக்கொண்டு மிருதுளா இறங்கி நடந்து வருவதைப் பார்த்தபிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது. சுகன்யாவுக்கு நன்றி சொல்லத் திரும்பினால் அவர் நாற்காலியில் இல்லை. கொட்டகைக்கு ஓடியிருந்தார்.

அவனும் மிருதுளாவும் பின்னாலேயே ஓடினார்கள். மூலையில் குஞ்சுகள் இடுப்பளவுக்கு ஏறிக் கிடந்தன. மூன்று பேரும் மண்டியிட்டு இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் பிரித்துவிட்டார்கள். அப்படியும் அடியில் கிடந்தவற்றில் நூற்று எழுபது மிஞ்சவில்லை. சுகன்யா அழவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் வைத்தார். பந்தய உடையோடு உட்கார்ந்திருந்த மிருதுளாதான் தேம்பித் தேம்பி அழுதாள்.

"ஒண்ணுமில்ல சாமி, நீ அழுகாத" என்று அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார் சுகன்யா.

சாயங்காலம் நாலு மணிக்குக் கனகு வந்தார். கிராங்க்கை ஒரு துண்டில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வந்து, தீவன மூட்டைமேல் வைத்தார். நடுவில் எண்ணெய்த் துளை இருந்த இடத்தில் அதை அறுத்திருந்தார்கள். விரிசல் துளைக்குள்ளிருந்து கிளம்பி, உள்ளேயே சுற்றி, இன்னும் காகிதக் கனம்தான் பாக்கி.

"மிச்ச ஒம்போது சுத்து தாங்கியிருக்காதுங்க. மூணு தாங்கினா அதிகம்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. "பதினோரு வருசம் இதுக்குப் பொட்டு வெச்சேன். ஒரு நாளும் இதக் கேக்கல பாத்துக்குங்க. உங்க கடுதாசிய நாங்க வாசிச்சுச் சிரிச்சிருக்கோம். மன்னிச்சுப்போடுங்கம்மிணி."

"எனக்குத் தெரியுமுங்க. நான் கடுதாசி எழுதறப்பவே நீங்க சிரிக்கறது கேக்கும்" என்றார் சுகன்யா. பிறகு அவரே சிரித்துவிட்டார்.

வாசலில் ஜெபசீலன் தாளும் பேனாவுமாக நின்றுகொண்டிருந்தார். இருபது சுற்று முடியவில்லை. அறிக்கையில் என்ன எழுதுவதென்று அவருக்குத் தெரியவில்லை. சுகன்யா பேனாவை வாங்கி, மூட்டைமேலேயே தாளை வைத்து இருநூற்றுப் பதினைந்தாவது கடிதத்தை எழுதினார்.

"இன்று காலை 11.19க்குப் பதினேழாம் வண்டி நூற்றுப் பதினெட்டு டெசிபல் சத்தம் போட்டது. நான் சொல்லித்தான் போட்டார்கள். நூற்று எழுபது குஞ்சு போயிற்று. ஒரு பெண் பிழைத்தாள். வண்டி பாதியில் நின்றது என் பொறுப்பு. சோதனைக்கு இன்னொரு நாள் கொடுக்கவும். எனக்கு ஒரு நிபந்தனை உண்டு."

அந்த நிபந்தனையை ஜெபசீலன் இரண்டு தரம் படித்தார். இப்படி ஒன்றைப் புகார்தாரர் யாரும் கேட்டு அவர் பார்த்ததில்லை. நாற்பத்திரண்டு நாள் வளர்ந்த கோழிகளை லாரியில் ஏற்றிவிட்டால், அடுத்த குஞ்சு வரும்வரை கொட்டகை காலியாகத்தான் இருக்கும். ஒவ்வொரு முறையும் ஏற்றிவிட்ட மறுநாள், எட்டு அணி வண்டிகளும் விழுங்கியை அணைத்துவிட்டு ஆளுக்கொரு சுற்று முழுச் சத்தத்தோடு ஓட வேண்டும். அவர் வேலியோரம் உட்கார்ந்து கேட்பார். அவர் நல்லது என்று சொன்ன சத்தத்தைத்தான் விழுங்கிக்குப் பாடமாகக் கொடுக்க வேண்டும். தீர்ப்பாயம் அதை ஒப்புக்கொண்டு, மறுசோதனைக்கும் அனுமதி கொடுத்தது.

பிரகதீஷ் அன்றைக்கே விழுங்கியிலிருந்து, தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் வித்தையைப் பிடுங்கி எறிந்தான். அவன் செய்ததிலேயே கெட்டிக்கார வேலை அது. எடுத்ததில் அவனுக்குத் துளி வருத்தமும் இல்லை. இருநூற்றுப் பதினாலு புகாரையும் கணினியில் ஏற்றி, எட்டு எஞ்சினின் பதினோரு வருட வரலாறாக அடுக்கினான். பட்டறையின் பதிவேட்டில் பாதிகூட அவ்வளவு துல்லியமாக இல்லை.

பதினாறாம் நாள் கோழிகளை லாரி ஏற்றிப் போயிற்று. மறுநாள் காலை வேலியோரம் சுகன்யா நாற்காலி போட்டு உட்கார்ந்தபோது, சூலூரிலிருந்தும் பல்லடத்திலிருந்தும் இருநூறு பேர் வந்து நின்றிருந்தார்கள். எஞ்சின் சத்தத்தைத் தூரத்திலிருந்து மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்திருந்தார்கள். சத்தமாக ஒரு சுற்று ஓடப் போகிறது என்ற செய்தி எப்படியோ பரவியிருந்தது. கைதட்டலும் விசிலுமாக ஒரே அமளி. கனகு புதுக் கிராங்க்குக்குப் பொட்டு வைக்கவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தூரத்தில் மிருதுளா பதினேழை உறுமவிட்டாள்.

சுகன்யா கோப்பில் புதுத் தாளைச் செருகினார். எழுந்து நின்று கூட்டத்தைப் பார்த்து, விரலை உதட்டில் வைத்தார்.

"கொஞ்சம் சத்தம் போடாம இருங்க எல்லாரும்" என்றார். "வண்டி வருது, கேக்கோணும்."